கசில்டா பார்த்த இடம்

லீமா நகரத்து நாடகக் கொட்டகையில் வசனம் எடுத்துக் கொடுப்பவன் நான். மேடையின் முன்விளிம்பில், பார்வையாளருக்குத் தெரியாதபடி மூடிபோட்டு, மேடைப் பக்கம் மட்டும் திறந்த ஒரு பெட்டிக்குள் குந்திக்கொண்டு, நடிகர்கள் மறந்தால் முதல் வார்த்தையை முணுமுணுப்பது என் பிழைப்பு. ராணி வேஷம் கட்டும் கசில்டா என் மனைவி. அவளுக்கு மட்டும் நான் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுத்ததில்லை. இதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது, நிமிரட்டும்.

அன்று மாலை அவளைக் கௌரவிக்கும் சிறப்பு நாடகம். அதற்காக ஓவியர் டான் ஹசிந்தோ எண்ணெய் வண்ணத்தில் அவளை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார். காலையில் படத்தை முகப்புக் கூடத்தில் மாட்டினார்கள். கிரீடம், கருநீல வெல்வெட், விறைத்த கழுத்து எல்லாம் அவளேதான். கண்கள் மட்டும் கீழே, மேடை விளிம்பைப் பார்த்தன.

ஊராருக்கு அது அடக்கமாகத் தெரிந்திருக்கும். மேடைக்காரர்களுக்கு அப்படியில்லை. எங்களில் ஒருவர் அந்த இடத்தைப் பார்த்தால் வசனம் மறந்துவிட்டது என்று அர்த்தம்.

தோழி வேஷக்காரி பெர்பெத்துவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னடி கசில்டா, படத்துலயும் புருஷன் எடுத்துக் குடுக்கணுமா?"

மதியத்துக்குள் கொட்டகை முழுக்க அதே பேச்சு. வாசலில் பூசணி மாவு வளையத்தை எண்ணெயில் சுட்டு விற்கிறவள்கூட, "புருஷன் பெட்டிக்குள்ள இருந்தா யாரு வேணா ராணி ஆகலாம்" என்றாளாம். டான் ஹசிந்தோ தூரிகையோடு ஓடிவந்தார்.

"மேடையில பாத்ததைத்தானம்மா வரைஞ்சேன். கண்ணைக் கொஞ்சம் மேல தூக்கிடறேன்."

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்" என்றாள் கசில்டா. பிறகு என்னிடம் திரும்பினாள். "இன்னிக்கு நீ மேல்மாடத்துல ஜனங்களோட போய் உக்காரு. பெட்டி மேல பலகை அடிக்கச் சொல்லிட்டேன்."

"வசனம் விட்டுப்போச்சுன்னா?"

"என் மானம்தானே போகும். நீ போய்யா."

எல்லோரும் பார்க்கவே பலகையை அடித்தார்கள். திரை உயர்ந்தது. மேல்மாடத்தில் என் கைக்குள் தொப்பி கசங்கியது. கசில்டா நீளமான வசனங்களை எல்லாம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசினாள்.

தடுமாறியது பெர்பெத்துவாதான். பாதியில் நின்று பலகையைப் பார்த்தாள், முகம் வெளுத்தது. ராணி நிதானமாக நடந்துபோய் தோழியின் கன்னத்தைத் தடவினாள். கசில்டாவின் உதடு லேசாக அசைந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. வார்த்தை எடுத்துக் கொடுப்பது என் தொழிலாயிற்றே. பெர்பெத்துவா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கடைசிக் காட்சியில், விஷம் குடித்த ராணி விழுவதற்கு முன் கண்களைத் தாழ்த்தவில்லை. மேல்மாடத்தில் வரிசை வரிசையாகத் தேடி என்னைக் கண்டுபிடித்தாள். நான் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். பூக்கள் விழுந்து மேடையே மறைந்தது.

அவள் வேஷம் கலைக்கும்போது, பக்கத்தில் பெர்பெத்துவாவும் இருக்க, கேட்டேன். "தினமும் ஏன்டி கீழே பாக்குற?"

"நீ அழுறியான்னு பாப்பேன். எல்லா வசனமும் மனப்பாடமா தெரிஞ்ச ஆளு நீ. நீயே அழுதா கொட்டகை அழாதா?"

படம் அப்படியே தொங்குகிறது. அந்தக் கண்களைக் காட்டி யாராவது சிரித்தால் பெர்பெத்துவாவே சண்டைக்குப் போகிறாள். "வசனத்துக்குப் பாக்கலய்யா. அவ புருஷன் அழுறானான்னு பாக்குறா. போய் உன் வேலையப் பாரு."