தையலுக்கு விட்ட இரண்டு அங்குலம்

“விட்டுடாதே, நல்லாக் கட்டிப் பிடி” என்று அவள் கணவன் கத்தினான். வீட்டின் பின்னால் கட்டைகள்மேல் ஏற்றிவைத்த படகில், பாய்மரத்தை இரு கைகளாலும் அணைத்தபடி அவள் நின்றாள். இருபதடி உயரம். சாய்ந்தால் நேரே ஜன்னல்மேல்தான் விழும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் அப்பாவின் கட்டில், பக்கத்தில் அம்மா.

நாற்பது வருடம் சட்டை தைத்தவருக்குப் படகு கட்டும் ஆசை எங்கிருந்து வந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். மரத்தை அவரே இழைத்தார், கம்பிகளை அவரே அளந்து வெட்டினார், நிறுத்துவதற்குள் படுத்துவிட்டார். காலையில் வந்த நர்ஸ், “இன்னிக்குத் தாண்டாது” என்று சொல்லிவிட்டுப் போனாள். மரம் நிற்பதைப் பார்த்துவிட வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

தூக்கி வைத்தாயிற்று. நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. நான்கு பக்கமும் இழுத்துப் பிடிக்க வேண்டிய கம்பிகள் தொளதொளவென்று தொங்கின. கணவன் டேப்பை வைத்து அளந்தான்.

“எல்லாத்துலயும் ரெண்டு இன்ச் அதிகம். எப்படி மாமா இது?”

ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் மெலிதாக வந்தது. “தையலுக்கு விட வேண்டாமா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கம்பியில் எதைப் பிடித்துத் தைக்கப்போகிறாராம் இந்த மனுஷன்.

கணவன் ஒவ்வொரு கம்பியாக அவிழ்த்து, சுருக்கி, மறுபடி முடுக்கினான். இரண்டு முடிந்தன. அவள் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது.

“இடப்பக்கம் சாயுது” என்றார் அப்பா.

“சரிப்பா, ஒரு நிமிஷம்.”

மூன்றாவதும் முடிந்தது. ஜன்னலில் சத்தமே இல்லை.

“அம்மா, அப்பா என்ன சொல்றார்?”

உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “மூச்சைக் காணோம்டி.”

கணவனின் கை ஸ்பானரோடு நின்றது. மரம் வீட்டுப் பக்கம் சாயாமல் இழுக்கும் கம்பிதான் பாக்கி. ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஆனால் கையை எடுத்தால் மரம் ஜன்னல்மேல் விழும்.

“முடுக்குங்க” என்றாள். “முடுக்குங்கன்னு சொல்றேன்ல.”

அவன் முடுக்கினான். அவள் ஒரு கையை எடுத்தாள், பிறகு மற்றதை. மரம் அசையவில்லை. அண்ணாந்துகூடப் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

அம்மா அவர் கண்களை மூடிவிட்டிருந்தாள்.

“நேரா நின்னதைப் பார்த்தாராம்மா?”

“பார்த்தார்” என்றாள் அம்மா, போர்வையின் சுருக்கத்தை நீவியபடி. “சரியா இருக்குன்னார்.”

மகள் தலையாட்டினாள். கட்டிலின் மறுபக்கம் போய் அவளும் போர்வையை நீவத் தொடங்கினாள்.