கெசியாவின் நடை

இங்கிலாந்தின் பர்ஸ்லெமில் எங்கள் பீங்கான் பட்டறையில் கோப்பைகளுக்கு ரோஜாப்பூ வரையும் பெண்கள் பதினாலு பேர். பதினாலு பேரும், பாவாடை குடை மாதிரி விரிந்து நிற்க, உள்ளே எஃகு வளையக் கூடு கட்டிக்கொண்டுதான் வருவோம். மேசைகளுக்கு நடுவே ஒரு ஆள் போகத்தான் வழி. ஆனால் சீமாட்டிகள் போடுவதை நாங்களும் போட வேண்டாமா? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

வசந்தத்தில் புதிதாகச் சேர்ந்த கெசியா நடப்பதே தெரியாது. மெல்ல மிதந்து வருவாள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ராணியம்மா வர்றாங்க, வழி விடுங்கடி" என்பேன். சிரித்துவிட்டுப் போவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தபோது, நான் திரும்பிய வேகத்தில் என் வளையம் கோப்பைப் பலகையை இடித்தது. இருபத்துநாலு கோப்பைகள் தரையில் தூள். மேஸ்திரி ஹாலின்ஸ் எல்லோரையும் கூட்டி யாரென்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. புருஷன் செத்தபின் மூன்று பிள்ளைகளுக்கும் என் கூலிதான் ரொட்டி.

"நாளையிலேர்ந்து வளையத்தோட யாரும் உள்ள வரக்கூடாது" என்றார்.

கெசியா மட்டும் எழுந்தாள். "ஐயா, நான் ஓரமா உக்காந்துக்கிறேன். எனக்கு மட்டும்..."

"உனக்கென்ன தனிச் சட்டம்?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

மறுநாள் வளையம் இல்லாமல் நனைந்த கோழிகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கெசியா கடைசியாக வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் இடுப்பு ஒரு பக்கம் சரிந்து எழுந்தது. ஒரு கால் நாலு விரல்கடை குட்டை; இத்தனை நாள் வளையக் கூடு அதை மறைத்திருந்தது. அத்தனை கண்களும் பார்க்க, அந்த நீள அறையைக் கடந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி" என்றேன்.

"போன பட்டறையில நொண்டி வாத்துன்னு கூப்பிட்டாங்கக்கா. அதான் இங்க வந்தேன்." தூரிகையை நனைத்தாள். "நேத்து நான் கதவுகிட்டதான் நின்னேன். உங்க வளையம் பட்டதைப் பார்த்தேன்."

"பின்ன ஏன் மேஸ்திரிகிட்ட சொல்லல?"

"உங்க சின்னவளுக்கு இன்னும் பல்லே முளைக்கலையே."

மத்தியானம் அவள் முடித்த கோப்பைகளைப் பலகையோடு தூக்கிக்கொண்டு சூளைப் பக்கம் நடந்தாள். பின்வரிசையில் ஒருத்தி, "ராணியம்மா வர்றாங்க, வழி விடுங்கடி" என்றாள்.

அது நான் சொல்லிக்கொடுத்த சொல். முகம் எரிந்தது. எழுந்து போய்ப் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அடிக்கு ஏற்ப என் அடியை வைத்து நடந்தேன்.