ஊட்டு வாசல்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் சரவணக்குமாரின் ஒலிப்பதிவுக் கூடம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலை பத்து மணியிலிருந்து ஒரே ஒரு வீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் தெய்வநாயகி.

“கடவுளே, நான் ஜெயித்துத் திரும்பினால், என் ஊட்டு வாசலைத் தாண்டி எது முதலில் எனக்கு எதிரே வருகிறதோ, அது உமக்கே காணிக்கை...”

“கட்,” என்றது ஹெட்போன். “வீட்டு வாசல், மேடம். வீ! மேல் பல்லு கீழ் உதட்டுல படணும்.”

“பட்டுச்சுங்க சார்.”

“படலை. இருபத்தொம்பது தடவை ஆச்சு. திரும்ப.”

திரும்பச் சொன்னாள். இந்தத் தடவை வீட்டு வாசல் சுத்தமாக வந்தது. ஆனால் அதுவும் சரவணக்குமாருக்கு ஆகவில்லை. “ரேஷன் கடையில பேர் வாசிக்கிற மாதிரி இருக்கு. உயிரே இல்ல,” என்றான். அட, என்னதான் செய்வாள் மனுஷி? நிதானமாகப் படித்தால் வீடு வருகிறது, கதை செத்துப்போகிறது. கதைக்குள் மனசு போனால் வீடு போய் ஊடு வந்துவிடுகிறது. நாற்பத்து மூன்று வருஷம் குமாரபாளையத்தில் ஊடு ஊடு என்றே பேசிய வாய். ஒரே காலைப்பொழுதில் திருந்து என்றால் திருந்திவிடுமா?

கதை யெப்தாவின் கதை. யூதர்களின் வேதத்தில், ராஜாக்கள் வருவதற்கு முன்னால் இஸ்ரவேல் சனங்களுக்குத் தலைவர்களாக இருந்தவர்களை நியாயாதிபதிகள் என்பார்கள். அவர்களில் பன்னிரண்டு பேருடைய கதைகளை ஒலிநூலாகக் கொண்டுவர ஒரு பதிப்பகம் முடிவு செய்து, பதிவு வேலையைச் சரவணக்குமாரிடம் கொடுத்திருந்தது. குமாரபாளையத்தில் துண்டு, லுங்கி தள்ளுபடி விற்பனை என்று ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போக, அது யார் குரல் என்று விசாரித்துத் தெய்வநாயகியைப் பிடித்தவன் அவன்தான். பதிப்பகத்தின் பொறுப்பாளர் மோகனப்பிரியா இன்று நாலு மணிக்கு வருவார். யெப்தாவைக் கேட்டுப் பிடித்துப்போனால் பன்னிரண்டு கதையும் தெய்வநாயகிக்கு. பிடிக்காவிட்டால் சென்னையில் வேறொரு குரல் தயாராக இருக்கிறது.

அவளுக்கு இந்த வேலை வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, வெறியாகவே இருந்தது. இருபத்திரண்டு வருஷம் விசைத்தறிக் கூடத்தில் நின்றவள். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் காதில் விழாது, எல்லாம் கைஜாடைதான். இந்தக் குரலை ஆண்டவன் எதற்குத்தான் கொடுத்தானோ என்று அழுததுகூட உண்டு. இங்கே, மெத்தை ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, அவள் மூச்சு விடுவதுகூட அவளுக்கே கேட்டது. இதைக் கண்ட பிறகு திரும்ப அந்தச் சத்தத்துக்குள் போய் ஊமையாக நிற்க அவளால் முடியாது.

அதனால் சேலம் பஸ்ஸில் வரும்போதெல்லாம் கதைத்தாள்களைப் படித்தாள். நியாயாதிபதி என்றால் கறுப்பு அங்கி போட்டுக் கோர்ட்டில் உட்காருகிறவர் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். பார்த்தால் ஆளுக்கு ஒரு தினுசு. ஏகூத் தன் இடதுகைப் பழக்கத்தை வைத்தே எதிரி ராஜாவை ஏமாற்றிக் கத்தியோடு உள்ளே போய்விட்டார். தெபொராள் மரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்த பொம்பளை. அவள் கூட வந்தால்தான் போருக்குப் போவேன் என்று சேனாபதியே அடம்பிடித்தானாம். இதை மட்டும் மகள் அபிநயாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள். கிதியோன் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஒளிந்து ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருந்தபோது, அவரைப்போய் வீரனே என்று கூப்பிட்டான் தேவதூதன். பஸ்ஸிலேயே சிரித்துவிட்டாள்.

யெப்தாவிடம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. கூடப்பிறந்தவர்களே துரத்திவிட்ட ஆள் அவர். சண்டை என்று வந்ததும் அதே ஊர்ப் பெரியவர்கள் தேடிப்போய்க் கூட்டிவந்து தலைவனாக்குகிறார்கள். போருக்குப் போகிற அவசரத்தில் ஒரு வேண்டுதல் வைக்கிறார். ஜெயித்துத் திரும்புகிறார். வாசலைத் தாண்டி, மேளம் தட்டி ஆடிக்கொண்டு எதிரே வருகிறாள், அவருடைய ஒரே மகள்.

“ஆடு வரும்னு நெனச்சிருப்பாருங்க சார்,” என்றாள் தெய்வநாயகி மைக்கில். “எங்க பக்கம் ஊட்டு வாசல்ல ஆடுதானுங்க கட்டியிருக்கும். கெடா வெட்டறதுக்கு நேந்துக்கற மாதிரி நேந்துட்டாரு, பாவம். பெத்த புள்ள வருமுன்னு யாரு கண்டா?”

“ஊடு இல்ல, வீடு,” என்றான் சரவணக்குமார்.

நாற்பத்தோராவது தடவையும் ஊடுதான். மணி இரண்டரை. அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். “அஞ்சு நிமிஷம் விட்டுடலாம். கடைசித் தாளை இன்னிக்குத்தானே குடுத்தேன், அதைப் படிச்சு வைங்க,” என்றான்.

படித்தாள். யெப்தாவின் ஆட்களுக்கும் எப்பிராயீம் ஆட்களுக்கும் சண்டை. இரண்டு பேரும் ஒரே சனம், ஒரே பாஷை. தோற்று ஓடிய எப்பிராயீம்காரர்கள் யோர்தான் ஆற்றைக் கடந்து ஊர் திரும்பப் பார்க்கிறார்கள். ஆற்றுத்துறையில் யெப்தாவின் ஆட்கள் காவல். வருகிறவனை நிறுத்தி, ஷிபோலேத் என்று சொல்லு என்பார்கள். எப்பிராயீம்காரன் வாயில் ‘ஷி’ நுழையாது, சிபோலேத் என்பான். அவ்வளவுதான், அங்கேயே வெட்டு. அப்படிச் செத்தவர்கள் நாற்பத்திரண்டாயிரம் பேர்.

தெய்வநாயகி தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு ஆற்றுத்துறை தெரியும். காவிரியின் இந்தக் கரையில் குமாரபாளையம், அந்தக் கரையில் பவானி. அங்கே ஒருவன் அரிவாளோடு நின்றுகொண்டு, எங்கே, ‘வீடு’ என்று சொல்லு பார்க்கலாம் என்றால், அவள் சொந்தபந்தத்தில் ஒரு உயிர் மிஞ்சாது.

அந்த நேரம் பார்த்து ஹெட்போனில் ஒரு குரல் கேட்டது.

“ஏனுங்மா... சாவி ஊட்டுக்குள்ளயேதான் இருக்குதுங்மா, பீரோ மேல. ஸ்டூல் போட்டு ஏறாதீங்க, உழுந்துருவீங்க. பொழுதோட நானே ஊட்டுக்கு வாரேனுங்மா.”

கண்ணாடிக்கு அப்பால் சரவணக்குமார் முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். அவளோடு பேசுவதற்கான பொத்தானை அணைக்க மறந்திருந்தான்.

அடப்பாவி! தெய்வநாயகிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து என் பல்லையும் உதட்டையும் அளந்துகொண்டிருந்தது இந்த வாய்தானா?

அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பொத்தானில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தான்.

“சாருக்கு எந்த ஊருங்க?” என்றாள்.

“சேலம்.”

“சேலத்துல எங்கீங்க?”

அவன் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். “திருச்செங்கோட்டுக்குப் பக்கம்,” என்றான்.

“அப்ப ஆத்துல எங்க கூட ஓடி வர்றவருங்களா, காவல் நிக்கறவருங்களா?”

அவனுக்குப் புரிந்தது; கடைசித் தாளை அவனும் படித்தவன்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். “சென்னையில மொத வேலைக்குப் போனப்ப எனக்கு ஊடுன்னே பேரு வெச்சுட்டாங்கக்கா. ஏய் ஊடு, டீ வாங்கிட்டு வாம்பாங்க. ரெண்டு வருசம் கண்ணாடி முன்னாடி நின்னு மாத்திக்கிட்டேன். மோகனப்பிரியா மேடம் நான் சென்னையிலயே வளந்தவன்னுதான் நெனச்சுட்டு இருக்காங்க. நானும் இல்லைன்னு சொன்னதில்ல. தயவுசெஞ்சு சொல்லிராதீங்க.”

மேடம் போய் அக்கா வந்ததை அவள் கவனித்தாள். கோபம் பாதி இறங்கிப்போயிற்று. மீதிப் பாதி இருந்தது.

“ஒரு தடவை உங்க போக்குலயே சொல்லுங்கக்கா,” என்றான் அவன். “நான் குறுக்க பேசல.”

தெய்வநாயகி முதலிலிருந்து சொன்னாள். அது நாற்பத்திரண்டாவது தடவை. வேண்டுதல் வந்தது, ஊட்டு வாசல் என்றே வந்தது. மகள் ஆடி வருகிற இடத்தில் அபிநயா கண்ணுக்குள் வந்து நின்றாள். தகப்பன் துணியைக் கிழித்துக்கொண்டு கதறும்போது அவள் குரலும் உடைந்தது, அதோடு சேர்த்தே சொல்லி முடித்தாள்.

மோகனப்பிரியா நாலேகாலுக்கு வந்தார். கண்ணை மூடி முழுக் கதையையும் கேட்டார். தெய்வநாயகி மூலையில் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“கதை நெஞ்சுல இறங்குது,” என்றார் மோகனப்பிரியா. “ஆனா ஊட்டு வாசல்னு சொல்றாங்களே. ஏன் சரவணன், ஒரு எழுத்து பிசகினாலும் பிடிச்சிடுவீங்களே, உங்க காதுக்கு இது எப்படித் தப்பிச்சது?”

சரவணக்குமார் குனிந்து ஹெட்போன் வயரைச் சுற்றினான். தெய்வநாயகிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இவரு மட்டும் ஊட்ல எப்படிப் பேசறாருன்னு கேளுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி தீர்ந்துவிடும். இப்போது துறையில் காவல் நிற்பது அவள். ஆனால் அந்த நாற்பத்திரண்டாயிரம் பேரோடு இன்னொருவனையும் சேர்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

“நான் வேணுமுன்னா இன்னொருக்கா சொல்லிப் பாக்கறனுங்க,” என்றாள்.

“வேண்டாங்கக்கா,” என்றான் சரவணக்குமார். எழுந்து நின்றான். “என் காதுக்குத் தப்பலைங்க மேடம். நான்தான் உட்டேன். அந்த எடத்துல யெப்தா பேசறாரு. ஆத்திர அவசரத்துல பேசறப்ப எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க வரும்.”

“உங்க வீட்லயா?”

“ஆமாங்க. எங்க ஊட்ல.” அவன் காது சிவந்திருந்தது.

மோகனப்பிரியா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். “அப்ப இத்தனை நாளா எங்கிட்டப் பேசிட்டு இருந்தது யாரு?” என்று கேட்டுச் சிரித்தார். பிறகு வேண்டுதல் இடத்தை இரண்டு தடவை திரும்பப் போட்டுக் கேட்டார்.

“யெப்தா பேசறப்ப ஊடே இருக்கட்டும். நீங்க கதை சொல்ற இடத்துல வீடு வரணும். முடியுமா?”

“முடியுமுங்க,” என்றாள் தெய்வநாயகி.

“அப்ப மீதிப் பதினொண்ணும் நீங்கதான். அடுத்தது சிம்சோன்.”

தெய்வநாயகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கும்பிட்டாள், பையை எடுத்தாள், கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். “வாரேன் சாமி,” என்றாள், ஊரில் பிள்ளைகளைப் பாசமாகக் கூப்பிடுகிற மாதிரி. காலையிலிருந்து சார், சார் என்று கூப்பிட்டவள்.

“வாங்கக்கா,” என்றான் சரவணக்குமார், மோகனப்பிரியா பக்கத்தில் நிற்கும்போதே, கொஞ்சம் சத்தமாக. “ஊட்ல எல்லாத்தையும் கேட்டதாச் சொல்லுங்க.”