குறட்டை விட்ட பிணம்

மின்விசிறியை நிறுத்தப் போன மகளின் கையைப் பெரியப்பா பிடித்துக்கொண்டார்.

"இந்தப் புழுக்கத்துல எதுக்கும்மா நிறுத்துற?"

"காத்து பட்டா அப்பா கண்ணு காஞ்சிரும் பெரியப்பா."

அவருக்கு விளங்கிவிட்டது. கையை விடவில்லை.

கட்டிலில் கிடந்தவரை அவர் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். விடிந்ததும் கிடங்கு வேலை முடிந்து வந்தார், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார், படுத்தார், அவ்வளவுதான். டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார். மூட்டை தூக்கியே உரமேறிய உடம்பு. முகத்தில் நோவில்லை. இதே மாதிரி அவர் கிடந்து அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

சில மாதங்களுக்கு முன்பு மகளின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கண் வங்கிக்கு ஒரு வண்டி வாங்கித் தர நிதி திரட்டினார்கள். தூரத்து வீடுகளுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாமல் கண்கள் வீணாகின்றன என்று தெருத்தெருவாக நாடகம் போட்டார்கள். ஒருவர் இறந்துபோவார். வீட்டார் மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையணை வைத்துத் தலையை உயர்த்தி, கண் வங்கிக்குச் சொல்வார்கள். கடைசியில் பிணம் எழுந்து உண்டியலை நீட்டும். அந்தப் பிணத்துக்குத்தான் ஆள் அமையவில்லை. படுத்த பையன்கள் எல்லாரும் சிரித்துத் தொலைத்தார்கள். எங்கள் அப்பா அசையாமல் படுப்பார் என்று மகள் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ராத்திரியெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு நேரே வந்த மனிதர், பெஞ்சில் முதுகு பட்டதும் நிஜமாகவே தூங்கிப்போனார். பஞ்சை வைத்தார்களோ இல்லையோ, கண்ணுக்குக் குளுகுளுவென்று இருந்திருக்க வேண்டும், குறட்டை கிளம்பியது. பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அழுகையை விழுங்கினார்கள். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. மகள் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டிய பிறகுதான் பிணம் எழுந்தது. உண்டியல் நிரம்பி வழிந்தது. வேறு பிணம் பார்க்கலாமா என்று டீச்சர் யோசித்தார். ஆனால் குறட்டை விடுகிற பிணம் எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று அடுத்த தெருவிலிருந்து ஆள் வந்துவிட்டது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் இந்தப் பெரியப்பாதான். சட்டைப்பையை அப்படியே உண்டியலில் கவிழ்த்தவரும் அவர்தான்.

இப்போது அவர், நாடகம் வேறு இது வேறு, தம்பியை முழுசாகத்தான் அனுப்புவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அந்தக் கண்கள் யாருக்கும் உதவா. மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"தெருத்தெருவா செத்துக் காட்டின மனுஷன் மாமா. நிஜமா செத்த அன்னிக்கு அவரைப் பொய்யனாக்கச் சொல்றீங்களா?" என்றாள் அம்மா.

பெரியப்பா கையை விட்டார்.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. மகள் இமைகளை மூடி, பஞ்சை நனைத்துப் பிழிந்து வைத்தாள். தலையணையைச் செருகினாள். பழகிய கை, தடுமாறவில்லை. அறையில் சத்தமே இல்லை. எல்லாரும் எதற்கோ காது கொடுத்த மாதிரி நின்றார்கள்.

"இந்த இடத்துலதானே ஆரம்பிப்பான்" என்றார் பெரியப்பா, மெதுவாக.

முதலில் சிரித்தவள் மனைவிதான். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பிறகு மகள், பிறகு பெரியப்பா. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அடக்க அடக்கச் சிரித்தார்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைப்பதென்று தெரியாமல் நகர்ந்துபோனாள்.

மகள் போன் செய்து சொன்னதும், சீக்கிரமே வாசலில் கண் வங்கி வண்டி வந்து நின்றது. புது வண்டி. அதன் பக்கவாட்டில் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த இரண்டு கண்கள், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. வந்தவர்கள் மனைவியின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். வேலை முடிந்து வெளியே வந்து, கண்கள் நல்ல நிலையில் இருக்கின்றன, இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கலாம் என்றார்கள். இனி காற்று வரலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெரியப்பா எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டார். காற்றில் போர்வையின் ஓரம் தூக்கிக்கொண்டது. காய்த்துப்போன பாதம் ஒன்று வெளியே தெரிந்தது.

மகள் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய விரல் தானாக உள்ளங்காலுக்குப் போனது. அங்கேயே சற்று நின்றது. பிறகு அவள் போர்வையை இழுத்து, குதிகாலுக்கு அடியில் செருகினாள்.