ஊரிலேயே உயரமான புல்லுப்போர்

எங்கள் மரமுரேஷ் மலையில் ஆண்பிள்ளையின் மானம் புல்லுப்போரின் உச்சியில் இருக்கிறது. கம்பத்தை நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த புல்லைக் கூம்பாக அடுக்குவோம். என் வீட்டுக்காரர் கவ்ரிலா இந்த வருஷம் ஆறு மீட்டருக்குக் கம்பம் நட்டார். பக்கத்து வீட்டுத் தோதெரின் போர் ஐந்து மீட்டர் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. புல் போதவில்லை. அடியைச் சுருக்கிச் சுருக்கி உச்சிக்கு ஏற்றினார்.

"ஏங்க, அடி சிறுத்துப்போச்சே. நம்ம பசு ஜோயானா சினையா இருக்கா. பனி உருகுற வரைக்கும் என்னத்தைத் தின்பா?"

"தோதெரோடதைப் பாத்தியா, பூசணிக்கா மாதிரி குந்திக்கிட்டிருக்கு. நம்மது சர்ச் கோபுரம்டி."

ஊர்ப் பொலிகாளையைக் குளிர்காலம் முழுக்க வைத்துத் தீனி போடுவது, அதிகப் புல் உள்ள வீட்டின் பொறுப்பு. அக்டோபரில் ஊராட்சி குமாஸ்தா இலாரியே நீளக் கழியோடு வந்தான். உயரத்தை மட்டும் அளந்தான். "உங்க வீடுதான்" என்றான்.

முப்பது வருஷமாகப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கயிற்றை எடுத்துக்கொண்டு இரண்டு போரையும் சுற்றி வந்தேன்.

"தம்பி, கூம்பைக் கழியால மட்டும் அளக்காதே. அடிச்சுற்று எங்களுக்கு ஒம்பது மீட்டர், தோதெருக்குப் பன்னெண்டு. சுற்றைச் சுற்றால பெருக்கு, அதை உயரத்தால பெருக்கு. மிச்ச வகுத்தல் ரெண்டுக்கும் பொது. எங்களுக்கு நானூத்தி எண்பத்தாறு, அவங்களுக்கு எழுநூத்தி இருபது. அவங்க புல்லுல மூணுல ரெண்டு பங்குதான் எங்களுது. மழையில அழுகுற மேல்பரப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையாது. உள்ள என்ன மிஞ்சும்னு நீயே பாரு."

இலாரியே என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் ஒருமுறை தலையாட்டியிருந்தால் போதும், காளை தோதெர் வீட்டுக்குப் போயிருக்கும்.

"அவளுக்குப் பசங்ககிட்டப் பேசிப் பேசிப் பழக்கமாயிடுச்சு. ஊருக்கே பெரிய போர் எங்களுது. காளையை ஓட்டிட்டு வா."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தோதெர் தொப்பியைக் கழற்றினான். "உங்க உயரத்துக்கு நாங்க எட்டுவமா, மச்சான்?"

காளை வந்தது. தின்றது. போரைப் பிரித்தால் மேலே ஒரு சாண் கறுத்து அழுகல். உள்ளே கொஞ்சம் நல்ல புல், அதற்குள் கம்பம். ஊர்க்காளை இளைத்தால் ஊரே கேட்கும். எங்கள் பசு இளைத்தால் எவன் கேட்பான்? பிப்ரவரியில் ஜோயானாவுக்கு விலா எலும்பு தெரிந்தது. வயிற்றில் கன்றோடு சாகவா விடுவேன்? நானே கயிற்றைப் பிடித்துத் தோதெர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் விலையைக் குறைத்துத்தான் பேசினான்.

அங்கேதான் கன்று போட்டாள். வேறு யார் மடியைத் தொட்டாலும் உதைக்கிறாள். அதனால் காலையில் நான்தான் போய்க் கறக்கிறேன். தோதெர் மனைவி ஒரு செம்புப் பால் கூலியாகத் தருகிறாள்.

முதல் நாள் அந்தப் பாலை என் வீட்டுக்காரரின் மமலிகாக் களியில் ஊற்றினேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனுஷன். ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா? நம்ம மாடு இல்லேன்னா தோதெருக்கு ஏது பாலு?"

பசுவைக் கொடுத்த அன்றைக்குக்கூட அழாதவள், அப்போது அழுதேன்.