தலைக்கு மேல் எவ்வளவு

கோயம்புத்தூருக்கு வடக்கே இருந்த பூங்காற்று மின்விசிறிக் கம்பெனியில், தலைமை அதிகாரியின் நாற்காலியில் யார் உட்காருகிறாரோ அவரைப் பொறுத்துக் கூரை ஏறும், இறங்கும். சுவர்களும் அதற்கேற்ப நீண்டுகொள்ளும், சுருங்கிக்கொள்ளும். நாற்காலி காலியாக இருந்தால் கூரை இருந்த இடத்திலேயே நிற்கும். தினமும் காலை எட்டரை மணிக்கு அதை அளந்து நோட்டில் எழுதுவது மயிலாத்தாளின் வேலை.

மயிலாத்தாள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். டேப்பில் அங்குலம் பார்க்கத் தெரிந்ததால் இந்த வேலை கிடைத்தது. இருபத்திரண்டு வருடமாக அளக்கிறாள். ஒவ்வொரு நாளும் மூன்று முறை அளந்த பிறகே எழுதுவாள். வீட்டுக்குப் போன பின்பும், சரியாகத்தான் எழுதினோமா என்று தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு யோசிப்பாள்.

கம்பெனியைத் தொடங்கிய வேலப்பன் இருந்தவரை கூரை பதினாலடி. அவருக்குப் பின் வெளிநாட்டில் படித்த ஒருவர் வந்தார். நல்ல மனிதர், அழகாகப் பேசுவார். அவர் பேசப் பேச ஒரே மாதத்தில் கூரை ஒன்பதடிக்கு வந்துவிட்டது. ஆர்டர் கொடுக்க வந்த உயரமான ஒருவரின் நெற்றி, பதினாலடிக் கூரைக்காக நீளத் தண்டில் மாட்டி, ஓடாமல் தொங்கிய விசிறியில் இடித்தது. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே போனவர்தான், திரும்பி வரவில்லை.

இயக்குநர் குழு அன்றே கூடி ஒரு விதி செய்தது. இனிமேல் தலைமை அதிகாரி வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் அரை மணி நேரம் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, அவர் தலைக்கும் கூரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளக்க வேண்டும். அதிக இடைவெளி உள்ளவருக்கே வேலை.

விதி ஒழுங்காகப் பின்பற்றப்பட்டது. அடுத்து வந்தவர் ஐந்தடி இரண்டங்குலம். அவருக்கு அடுத்தவர் ஐந்தடி. அதற்கும் அடுத்தவர் நாலடி பத்தங்குலம். ஒவ்வொரு தேர்விலும் இடைவெளி திருப்தியாகவே இருந்தது. கூரை ஆறடி எட்டங்குலத்துக்கு வந்து சேர்ந்தது.

விசிறிகளை ஓட்டிப் பார்க்கும் சோதனைக் கூடத்தில் நாற்பது பெண்கள் முக்காலியில் உட்கார்ந்தபடியே வேலை பார்த்தார்கள். யாராவது எழுந்திருக்க வேண்டுமானால் முதலில் தலைக்கு மேல், தண்டில்லாமல் கூரையை ஒட்டி ஓடும் விசிறியை நிறுத்தச் சொல்லிக் கை தூக்க வேண்டும், அதுவும் பாதிக் கையைத்தான். கொண்டை போடுகிறவர்கள் சடைக்கு மாறியிருந்தார்கள். ஆறரை அடிக்குக் கீழே ஒரு நூல் இறங்கினாலும் கூடத்தைப் பூட்ட வேண்டும் என்று தொழிற்சாலை ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். பூட்டினால் நாற்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மயிலாத்தாளும் போக வேண்டும். பூட்டிய கூடத்தை யாரும் அளப்பதில்லை.

இந்த நிலையில் நாலடி பத்தங்குலக்காரர் வேலையை விட்டுப் போனார். புதிதாக மூன்று பேர் தேர்வுக்கு வந்தார்கள்.

முதலாமவர் நாலடி ஒன்பதங்குலம். நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரமும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மயிலாத்தாள் டேப்பைப் பிடித்தாள்.

"தலைக்கு மேல ஒரு அடி பத்து அங்குலமுங்க," என்றாள்.

"பிரமாதம்," என்றார் குழுத்தலைவர் கந்தப்பன்.

"ஆனா தரையிலிருந்து அளந்தா ஓரங்குலம் எறங்கியிருக்குங்க சார்."

"தரை நம்மகிட்ட வேலை கேட்டு வந்துச்சா, அம்மிணி? வேலை கேட்டு வந்தவரை மட்டும் அளங்க."

குழுவில் இருந்த மற்ற மூவரும் சிரித்தார்கள். மயிலாத்தாள் எழுதிக்கொண்டாள்.

இரண்டாமவர் நாலடி எட்டங்குலம். துடிப்பான ஆள். "இந்தக் கம்பெனியை வானத்துக்குக் கொண்டுபோறேன் பாருங்க," என்று இரு கைகளையும் விரித்தார். கூரை அரை அங்குலம் இறங்கியது. இடைவெளி ஒரு அடி பத்தரை அங்குலம். இதுவரை கம்பெனி கண்டதிலேயே இதுதான் நல்ல இடைவெளி என்று கந்தப்பன் அவர் கையைக் குலுக்கினார்.

மயிலாத்தாள் கூடத்துக்கு ஓடி வந்து தரையிலிருந்து மூன்று முறை அளந்தாள். ஆறடி ஆறரை அங்குலம்.

"இன்னும் எத்தனை இருக்குதுக்கா?" என்று முக்காலியிலிருந்து கேட்டாள் ரெஜினா.

"அரை அங்குலம்."

"அந்த ஆளு இன்னொருக்கா வானத்தைப் பத்திப் பேசாம இருக்கணும் சாமி," என்றாள் ரெஜினா. "பேசினா, நாம நாளைக்கு நாலு கால்ல தவழ்ந்துதான் வரணும்."

மூன்றாமவர் வனஜா என்ற பெண். சரியாக ஆறடி. வாசலில் நுழையும்போதே குனிந்தார். கந்தப்பன் அவர் தலையையும் கூரையையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "அரை அடிதான் தேறும். காப்பி குடிச்சுட்டுக் கெளம்பட்டும்," என்றார்.

"விதிப்படி அரை மணி நேரம் உட்காரணுங்க," என்றாள் மயிலாத்தாள். விதி அதுதான் என்பதால் யாரும் மறுக்கவில்லை.

வனஜா உட்கார்ந்தார். காப்பியைத் தொடவில்லை. காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அக்கா, கூடத்துல ஏதோ ஒரு விசிறி முனகுதே. எது?"

"ரெண்டாவது வரிசையில நாலாவதுங்க. நாப்பது பேருக்கும் தெரியும்."

"எத்தனை நாளா?"

"ஏழு மாசமுங்க."

"ஏன் நிறுத்தலை?"

"நிறுத்துன்னு சொல்ல ஆள் இல்லீங்க."

"நிறுத்துங்க," என்றார் வனஜா.

கூரை இரண்டங்குலம் ஏறியது. மயிலாத்தாள் கூரையில் வைத்துப் பிடித்திருந்த டேப்பின் நுனி நழுவியது. அவள் அதை மறுபடி எட்டிப் பிடித்தாள்.

அதன் பிறகு வனஜா கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். முன்பு நல்ல கம்பி எந்த ஊரிலிருந்து வந்தது, அதை மாற்றியது யார், மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் போதுமா. பதிலை முழுதாகக் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்றார். அரை மணி நேரம் முடிந்தபோது கூரை ஏழடி இரண்டங்குலத்தில் நின்றது. சோதனைக் கூடத்தில் ரெஜினா கை தூக்காமல் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, நிதானமாக மறுபடி உட்கார்ந்தாள்.

வனஜா எழுந்து நின்றார். மயிலாத்தாள் அளந்தாள். ஒரு அடி இரண்டங்குலம்.

"ஒன்னு ரெண்டு. முந்தினவருக்கு ஒன்னு பத்தரை," என்றார் கந்தப்பன். "சந்தேகமே இல்லை. ரெண்டாவது ஆளைக் கூப்பிடுங்க."

மயிலாத்தாள் டேப்பைச் சுருட்டாமல் நின்றாள். நாற்பது முக்காலிகளும் அவள் கண்ணுக்குள் வரிசையாக நின்றன. பிறகு அவள் வாயிலிருந்து குரல் தெளிவாகவே வந்தது.

"சார், ஒரே ஒருக்கா உங்க தலைக்கு மேல அளந்து பாக்கட்டுங்களா?"

"எனக்கு எதுக்கு? நான் வேலைக்கா வந்திருக்கேன்?"

"இந்தக் கூரைக்கு அடியிலதானுங்க நீங்களும் இருக்கீங்க."

கந்தப்பன் யோசித்தார். விதியில் அதற்குத் தடை இல்லை. எழுந்து நின்றார். ஐந்தடி நாலங்குலம்.

"முந்தினவர் உட்கார்ந்திருந்தப்ப உங்க தலைக்கு மேல ஒரு அடி ரெண்டரை அங்குலமுங்க," என்றாள் மயிலாத்தாள். "இப்ப ஒரு அடி பத்து."

கந்தப்பன் கையைத் தலைக்கு மேல் நீட்டித் துழாவிப் பார்த்தார். அங்கே இடம் இருந்தது.

"இன்னொருக்கா அளங்க."

அளந்தாள். அதேதான்.

"எனக்கும் பாருங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர். மற்ற இருவரும் அவர் பின்னால் வரிசையில் நின்றார்கள். கடைசியில் காப்பி கொண்டுவந்தவரும் தட்டை வைத்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார். எல்லாருக்கும் ஏழரை அங்குலம் கூடியிருந்தது. அன்று சாயங்காலமே வனஜாவுக்கு வேலை உறுதியானது.

பொங்கலுக்குள் கூரை பதினாலடியைத் தாண்டியது. கொண்டைகள் திரும்பி வந்தன. சோதனைக் கூடத்தில் இன்னும் அறுபது பேரைச் சேர்த்தார்கள். சித்திரையில் டேப் போதாமல் மயிலாத்தாள் கிணற்றுக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தாள். ஆடியில் கயிறும் போதவில்லை. விசிறிகள் எங்கோ உயரத்தில் புள்ளிகளாகச் சுழன்றன. அங்கிருந்து காற்று கீழே வந்து சேர ஒரு முழு நாள் பிடித்தது. ஆகவே திங்கட்கிழமைக் காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமையே சுவிட்சைப் போட்டார்கள். காற்று வந்து சேர்ந்ததும் நோட்டில் எழுதிக்கொள்ளும் வேலையை வனஜா மயிலாத்தாளுக்கே கொடுத்தார். காற்று வழியில் தங்கிவிடுமோ என்று அவள் புதிதாகக் கவலைப்படத் தொடங்கினாள்.

அப்படி எதுவும் தங்கவில்லை. புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வரப்போகிற வெள்ளிக்கிழமையின் காற்று முன்கூட்டியே வந்து இறங்கியது. அதற்கு இன்னும் யாரும் சுவிட்ச் போட்டிருக்கவில்லை. காற்றில் வெள்ளிக்கிழமை மதியச் சமையல் வாசம் அடித்தது. கொள்ளுப் பருப்பு. லேசாக அடிப்பிடித்திருந்தது.

மயிலாத்தாள் மூன்று முறை முகர்ந்து பார்த்தாள். 'வந்து சேர்ந்தது' என்று நோட்டில் எழுதினாள். பிறகு கேண்டீனுக்குப் போய், வெள்ளிக்கிழமை தீயைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொன்னாள்.