தினம் ஒரு பாட்டில் தண்ணீர்

மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது பால்கனியில் ஒரு ஜூனிபர் மரத்தை வைத்துவிட்டுப் போனான். தொட்டியில் இடுப்புயரம் நிற்கும். ஊசி ஊசியாக இலை, வருஷம் முழுக்க ஒரே பச்சை. "வறட்சி தாங்கும்பா. பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் தண்ணி ஊத்தினாப் போதும்" என்றான்.

இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். விடிந்ததும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றாமல் வண்டியை எடுத்ததில்லை. இப்போது வண்டியும் இல்லை, மனைவியும் இல்லை. காலையில் எழுந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பதினைந்து நாளாவது, மண்ணாங்கட்டியாவது! தினமும் ஒரு பாட்டில் ஊற்றினேன்.

ஞாயிறுதோறும் போன் வரும். "மரம் எப்படிப்பா இருக்கு?" அதைத்தான் முதலில் கேட்பான். துளிர் விட்டிருக்கிறது, வெயில் நன்றாகப் படுகிறது என்று நாலு நிமிஷம் ஓடும். பிறகு வைத்துவிடுவான். மரமும் இல்லாவிட்டால் எங்களுக்குள் பேச என்ன இருக்கிறது? அந்தப் பயம் எனக்கு உள்ளூர உண்டு.

போன வாரம் ஒரு கிளை சாம்பல் நிறமானது. பதறிப்போய் நர்சரிக்காரரைக் கூட்டி வந்தேன். தொட்டி மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். தண்டை நகத்தால் சுரண்டினார். உள்ளே வெறும் பழுப்பு.

"இது செத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு சார்."

"என்னய்யா சொல்றீங்க? மத்த கிளையெல்லாம் பச்சையாத்தானே நிக்குது."

"இந்த ஜாதி அப்படித்தான். வேர் அழுகினாலும் வெளிய சீக்கிரம் காட்டாது. தினமும் ஊத்துனீங்களா?"

தொட்டியோரம் கிடந்த காலி பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தேன்.

பச்சை மிச்சமிருந்த பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு ஞாயிறு இதை வைத்து ஓட்டிவிடலாம். ஆனால் போனில் அவன் குரலைக் கேட்டதும் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"மரம் எப்படிப்பா?"

"செத்துப்போச்சுடா. நான்தான் தினமும் ஊத்தி அழுக வச்சிட்டேன்."

"ஏம்பா? அவ்வளவு சொல்லிட்டு வந்தேனே."

"காலைல எழுந்தா எனக்கு வேற வேலையே இல்லடா. தனியா இருக்க முடியல."

வழக்கமான நாலு நிமிஷம் தாண்டிவிட்டது. எதிரே அந்தப் பாழாய்ப்போன மரம் பாதிப் பச்சையோடு நின்றது.

"லைன்ல இருக்கியாடா?"

"இருக்கேன்பா. சாப்பிட்டியா?" என்றான்.

அவன் இதைக் கேட்டு ஒரு வருஷம் இருக்கும்.

"இன்னும் இல்லடா" என்றேன்.